குடும்ப ஜீப்பின் பின்பக்கம் ஆடினால்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் தேருக்கு இரண்டு நாள் முன்னம், வவுனியாவிலிருந்து அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் வந்துகொண்டிருந்தேன். மாங்குளம் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வர, ஸ்ரியரிங்கைக் கொஞ்சம் வெட்டி எடுத்தேன். முன்பக்கம் சொன்னபடி திரும்பியது. பின்பக்கமோ ஒரு கணம் கழித்துத் தன்பாட்டில் வெளியே போய், பிறகுதான் திரும்பி வந்தது. பின் சீற்றில் இருந்த அம்மா "முருகா" என்ற சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

அடுத்த நாள் கராஜில் வாகனத்தை உயர்த்திவிட்டு அண்ணை என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கீழ வந்து பாரும். இந்த நட்டைக் கையால சுத்திப் பாரும்." இடப்பக்கப் பின் சில்லைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் நட். இரண்டு விரலால் தொட்டதும் சுழன்றது. செந்துருத் தூள் உள்ளங்கையில் கொட்டியது. "எப்ப அலைன்மென்ற் செய்தனீர்?" சில்லுகளின் நோக்கை அளந்து சரிசெய்யும் வேலையைத்தான் கேட்டார். "நாலு மாசம் இருக்கும் அண்ணை." "செய்துபோட்டு இறுக்காமல் விட்டிருக்கிறாங்கள். புரி பாதி தின்னுப்பட்டுப் போச்சு. இன்னொரு கொழும்புப் பயணம் போயிருந்தால் ஆர்ம் கழண்டிருக்கும்."

அன்றிலிருந்து உறவுக்காரரும் அயலவர்களும் என்னிடம் கேட்டவையும், நான் கராஜிலும் வாசிப்பிலும் தேடி அறிந்தவையுமே இங்கே உள்ளன.

பின் சஸ்பென்ஷன் என்றால் சொக் அப்சோபர்தானே?

இல்லை. சொக் அப்சோபர் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது, அவ்வளவுதான். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். சில்லு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், முன்னே பின்னே எவ்வளவு அசையலாம் என்பதைப் பிடித்து வைத்திருப்பவை ஆர்ம்கள். ஆர்ம் ஒவ்வொன்றின் முனையிலும் அதிர்வை வாங்கும் றப்பர் புஷ் உண்டு. எக்ஸ்ரெயில், புதிய சிஆர்வி போன்றவற்றில் ஒரு பின் சில்லுக்கே பல ஆர்ம்கள் இருக்கும். இதைத்தான் மல்ரிலிங்க் என்கிறார்கள். முன்சில்லு இழுவை வெசலில் பின்பக்கம் இரு சில்லையும் சேர்த்த டோர்ஷன் பீம். பிராடோவில் முழு அச்சு. அது பக்கவாட்டில் அசையாமல் ஒரு நீளக் கம்பி பிடித்திருக்கும். சொக் ஒழுகினால் வாகனம் துள்ளும், தடம் பிடிக்கும் திறன் குறையும். ஆர்ம் கழன்றால் சில்லு திசை மாறும். இரண்டும் ஒரே அளவு ஆபத்து அல்ல.

முன்பக்கம் பழுதானாலும் ஆபத்துத்தானே? பின்பக்கத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?

முன்பக்கத்தில் தேய்மானம் வந்தால் ஸ்ரியரிங் கைக்குச் சொல்லும்: ஆடும், இழுக்கும், கனக்கும். பின்பக்கத்துக்குக் கையோடு தொடர்பில்லை. இருக்கையால் மட்டும்தான் உணரலாம், அதுவும் பெரும்பாலும் காலம் கடந்த பிறகு.

இன்னொன்று, பின் சில்லு ஒன்று தன்பாட்டில் சில பாகை திரும்பினாலே வாகனத்துக்குப் பின்னால் இன்னொரு ஸ்ரியரிங் பூட்டியது மாதிரி ஆகிவிடும். வளைவில் வால் வெளியே வீசும். பயந்து பிரேக்கை அழுத்தினால் பாரம் முன்னே போய், பின் ரயர்களின் பிடி இன்னும் குறையும். உயரமான வாகனம், ஏழு பேர், கூரையில் சாமான் என்றால் பாரத்தின் மையமும் மேலே போய்விடுகிறது. குடும்ப ஜீப்பில் பயப்பட வேண்டியது இந்தச் சேர்க்கைக்குத்தான்.

பழுது வருமுன் என்ன அறிகுறி தெரியும்?

முதலில் ரயரைப் பாருங்கள். சத்தத்துக்கு முன்பே அது சொல்லிவிடும். வாகனம் குளிர்ந்து நிற்கும்போது, பின் ரயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்கே வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் அரம்போலக் கையைப் பிடித்தால் சில்லின் நோக்கு பிழை. இதைத்தான் அலைன்மென்ற்காரர் டோ என்பார். உள்ளோரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் ஆர்ம், புஷ், அலைன்மென்ற் மூன்றையும் பார்க்க வேண்டும். ரயரைச் சுற்றி இடைக்கிடை பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் சொக் போய்விட்டது என்று எண்ணலாம். உள்ளோரத்தில் கம்பி வெளியே வந்திருக்கலாம், ஆகவே முதலில் ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டே கையை வையுங்கள். பலர் வெளியோரத்தை மட்டும் பார்த்து "ரயர் புதுசு" என்று விடுகிறார்கள். உள்ளோரம் பார்வைக்குத் தட்டுப்படாது, ஆனால் தேய்வது அங்கேதான்.

அடுத்தது சத்தம். வேகத்தடை ஏறி இறங்கும்போது பின்னால் "டொக்" என்று ஒற்றைச் சத்தம், அல்லது பின்னுக்கு எடுத்துப் பிரேக் பிடிக்கும்போது ஒரு இடி: ஆர்ம் புஷ்சாக இருக்கலாம். சின்னக் குழிகளில் "கட கட" என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் ஸ்ரெபிலைசர் லிங்க் (வளைவில் வாகனம் சரிவதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு), அதில் ஆபத்துக் குறைவு. வேகம் கூடக் கூட இரைச்சல் கூடினால் அது பெயறிங், வேறு கதை.

மூன்றாவது, தடம். மழை பெய்து ஓய்ந்த மணல் ஒழுங்கையில் நேராக இருபது அடி ஓட்டிவிட்டு இறங்கித் தடத்தைப் பாருங்கள். பின் ரயரின் தடம் முன் தடத்திலிருந்து இரு பக்கமும் ஒரே அளவு விலகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் கூட, மறு பக்கம் குறைய விலகினால் வாகனம் நண்டுபோலச் சரிந்து போகிறது. நேர் வீதியில் ஸ்ரியரிங் கோணலாக நிற்பதும் இதே காரணமாக இருக்கலாம். முன்பக்க அலைன்மென்ற்றை எத்தனை தரம் செய்தாலும் அது தீராது.

இதெல்லாம் எங்கள் வீதிக் குழிகளால் வருவதுதானே? தயாரித்தவர் பிழை என்றும் உண்டா?

உண்டு, பெரிய நிறுவனங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2012 ஆகஸ்டில் டொயோட்டா அமெரிக்காவில் 2006 முதல் 2011 வரையான ஆர்ஏவி4 ஜீப்கள் ஏறத்தாழ 760,000ஐ, பழுதைத் தானே திருத்திக் கொடுப்பதற்காக மீள அழைத்தது. அலைன்மென்ற்றுக்குப் பிறகு பின் ஆர்மின் நட் சரியாக இறுக்கப்படாவிட்டால் புரி துருப்பிடித்து ஆர்ம் பிரியலாம் என்பதே காரணம். அடுத்த வருடமே அவற்றை மறுபடி அழைக்க வேண்டி வந்தது, ஏனென்றால் சில வாகனங்களில் அந்தத் திருத்தமே சரியாகச் செய்யப்படவில்லை. தயாரிப்பாளரின் முகவர் பணிமனைகளிலேயே ஒரு நட் இப்படித் தவறிப்போகுமென்றால், நாங்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்.

போர்ட் நிறுவனம் 2021இல் 2013 முதல் 2017 வரையான எக்ஸ்புளோரர் ஏறத்தாழ 775,000ஐ அழைத்தது. பின்னாலுள்ள ஒரு பந்து மூட்டு இறுகிப்போய், சில்லின் நோக்கைப் பிடித்திருக்கும் டோ லிங்க் முறியக்கூடும் என்றார்கள். 2023இல் ஹொண்டா 2007 முதல் 2011 வரையான சிஆர்வி ஏறத்தாழ 564,000ஐ அழைத்தது. பனிக்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவும் மாநிலங்களில் சசியின் பின்பகுதி அரித்து, பின் ட்ரெயிலிங் ஆர்ம் கழன்றுபோகலாம் என்பதற்காக. அதே 2023இல் ஜீப் கிரான்ட் செரோக்கி மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் அழைக்கப்பட்டன. பின் ஸ்பிரிங் சரியாக அமராமல் ஓட்டத்தில் கழன்று விழக்கூடிய நிலை.

இந்த நான்கில் இரண்டுக்கு, நட் இறுக்காததும் உப்பு அரித்ததும் காரணம். இரண்டுமே எங்கள் ஊரிலும் நடப்பவை.

என் வாகனம் மீள அழைக்கப்பட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

சசி இலக்கம் வேண்டும். ஜப்பானுக்குள் விற்கப்பட்டு ரீகொண்டிஷனாக இங்கே வந்த வாகனங்களுக்குச் சில எழுத்தும் ஒரு கோடும் இலக்கமும் கொண்ட குறுகிய சசி இலக்கம்தான் இருக்கும். அமெரிக்கத் தேடுபக்கங்கள் கேட்கும் பதினேழு எழுத்து இலக்கம் அதில் இல்லை. அங்கே தேடி "ஒன்றுமில்லை" என்று ஆறுதல் அடையாதீர்கள். தயாரித்த நிறுவனத்தின் ஜப்பான் இணையதளத்தில் அந்தச் சசி இலக்கத்தைக் கொடுத்துத் தேடும் பக்கம் இருக்கும். ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சும் மீளழைப்பு விவரங்களை வெளியிடுகிறது. ஜப்பான் மொழியை உலாவியே மொழிபெயர்த்துக் காட்டும். ஏதாவது வந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, உள்ளூர் முகவருக்கு எழுத்தில் கேளுங்கள். வாய்க் கதைக்குப் பதில் வராது.

யாழ்ப்பாணத்து உப்புக் காற்றால் அவ்வளவு கெடுமா?

கெடும். பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று தினமும் போய்வரும் வாகனத்தின் அடியையும், கோண்டாவிலில் நிற்கும் வாகனத்தின் அடியையும் ஒரே நாளில் பார்த்தேன். இரண்டும் ஒரே வருடத்தவை. தீவகத்து வாகனத்தில் ஆர்மின் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நகத்தால் கிள்ளச் செதிலாக வந்தது. ஸ்பிரிங் இருக்கும் கிண்ணத்தில் ஒரு பிடி ஈர மணல். ஸ்பிரிங்கின் அடிச்சுற்று பெரும்பாலும் முறிவது இந்தக் கிண்ணத்துக்குள்தான். மணலும் உப்பும் ஈரமும் அங்கே ஒன்றாகத் தங்குகின்றன. காரைநகர்ப் பாலம், வடமராட்சிக் கடலோர வீதி, ஆனையிறவு என்று அடிக்கடி ஓடுபவர்களுக்கும் இதே நிலைதான்.

கழுவினால் போதும் என்பார்கள். எந்தத் தண்ணீரால் என்பதே கேள்வி. தீவகத்திலும் கரையோரங்களிலும் பல கிணறுகள் உவர். உவர் நீரால் அடியைக் கழுவுவது, கழுவிய உப்பையே திரும்பப் பூசுவதுதான். நல்ல தண்ணீர் உள்ள இடத்தில், மேலே எவ்வளவு அழுக்கென்று பார்க்காமல், கீழே ஆர்ம், ஸ்பிரிங் கிண்ணம், சில்லின் உட்புறம் என்று அடித்துக் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளத்துக்குள்ளால் ஓட்டியிருந்தால் நீர் வற்றிய கையோடு செய்யுங்கள். கழுவி, காய்ந்த பிறகே துரு தடுக்கும் பூச்சு. துருவுக்கும் மண்ணுக்கும் மேலே கறுப்புப் பூச்சு அடித்தால் உள்ளே அரிப்பது தெரியாமல் போகும். விற்பனைக்கு நிற்கும் வாகனத்தின் அடி மட்டும் புதுக் கறுப்பாக மினுங்கினால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

அலைன்மென்ற் செய்யப்போனால் என்ன கேட்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

முதலில், நாலு சில்லும் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். முன்பக்கத்தை மட்டும் சரிசெய்து அனுப்பும் இடங்கள் உண்டு. மல்ரிலிங்க் வாகனத்தில் பின்பக்கத்துக்கும் சரிசெய்யும் போல்ட் உண்டு. பல வாகனங்களில் அது மையம் விலகிய தட்டுள்ள கேம் போல்ட். அதைத் திருப்பினால் ஆர்ம் உள்ளே வெளியே நகரும். நட்டைத் தளர்த்தி, திருப்பி, பிறகு இறுக்க வேண்டும். என் வாகனத்தில் தவறியது அந்தக் கடைசி வேலைதான்.

இறுக்கும்போது, இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பானரால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். "கையளவுக்குத் தெரியும் அண்ணை" என்ற பதிலை ஏற்காதீர்கள். கைபழகியவர்தான், ஆனால் துருப்பிடித்த புரியில் நட் இறுகியதுபோல் காட்டும், உள்ளே இறுகியிருக்காது. வேலை முடிந்ததும் நட்டுக்கும் அது அமர்ந்த தட்டுக்கும் குறுக்காக வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நட் கொஞ்சம் சுழன்றாலும் கோடு விலகிக் காட்டும். முன்னும் பின்னும் அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கேம் போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தால் காஸ் விளக்கால் சூடாக்குவார்கள். பக்கத்திலேயே றப்பர் புஷ். சூடாக்கினால் புஷ்சும் மாற்ற வேண்டியதுதான் என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை இறுகாமலிருக்கப் புதுப் போல்ட்டே போடுவது நல்லது.

டோர்ஷன் பீம் உள்ள வாகனங்களில் பின்பக்கத்தைச் சரிசெய்யும் போல்ட் பொதுவாக இராது. அளவு பிழையாக வந்தால் பீம் வளைந்திருக்கலாம், புஷ் அல்லது பெயறிங் போயிருக்கலாம். "அது அப்படித்தான்" என்று அனுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

புதுப் புஷ் போட்டு ஆறே மாதத்தில் கிழிந்துவிட்டது. பொருள் போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் எப்படிப் பூட்டினார்கள் என்று கேளுங்கள். வாகனத்தை உயர்த்தி, சில்லு தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கினால், கீழே இறக்கியதும் றப்பர் முறுக்குப்பட்டே நிற்கும். ஓடாமல் நின்றாலும் முறுக்கு முறுக்குத்தான். போல்ட்டைக் கையால் பூட்டி, ஆர்மை ஜக்கால் உயர்த்தி, வாகனம் நிலத்தில் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே இறுதி இறுக்கம். நல்ல கராஜ்காரர் இதைக் கேட்டால் கோபிக்க மாட்டார்.

பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. ஸ்பிரிங்குக்குள் றப்பர் கட்டை வைக்கலாமா?

வேண்டாம். றப்பர் வைத்த இடத்தில் சுற்றுகள் வேலை செய்யாமல் மற்றச் சுற்றுகளுக்கு முழுப் பாரமும் போகும். தாழ்ந்த ஸ்பிரிங் தளர்ந்த ஸ்பிரிங், சிலவேளை முறிந்த ஸ்பிரிங். இரண்டையும் சோடியாக மாற்றுங்கள்.

வளைந்த ஆர்மைத் தட்டி நிமிர்த்தலாமா? வெல்டிங்?

கூடாது. உடைத்து எடுத்த வாகனத்தின் பழைய ஆர்ம் போடுவதென்றாலும் துரு, வளைவு, புஷ் மூன்றையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள். வெல்டிங் வைத்த ஆர்மில் பிள்ளைகளை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

எத்தனை பேர், எவ்வளவு சாமான்?

ஏழு சீற் என்றால் ஏழு பேரும் அவர்களின் பெட்டிகளும் என்று பொருளல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஏழு பேரும் ஏறி, பின்னால் அரிசி மூட்டை, மாம்பழப் பெட்டி, ஒடியல் பை, கூரையில் சூட்கேஸ் என்றால், அந்த 400 கிலோமீற்றரும் பின் ஸ்பிரிங் அடிமட்டத்தில் இடித்துக்கொண்டே போகும். சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் காற்றழுத்தம் கிலோபாஸ்கலில் இருக்கும். 230 என்றால் ஏறத்தாழ 33 பிஎஸ்ஐ. பாரமான சாமானைக் கூரையில் ஏற்றாமல், உள்ளே தாழ்வாக, பின் சீற்றின் முதுகோடு ஒட்டி வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் வெட்டினால்?

பிரேக்கைப் பாய்ந்து மிதிக்க வேண்டாம். ஸ்ரியரிங்கை இரு கையாலும் பிடித்து, போக வேண்டிய திசையைப் பார்த்து, வேக மிதியிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாக இறங்கட்டும். இடப்பக்க ஓரத்துக்கு வந்து, நாலு மூலை விளக்கும் போட்டு, எல்லோரையும் வீதிக்கு வெளியே இறக்குங்கள். பிறகு "கிளிநொச்சி மட்டும் மெல்லப் போவம்" என்ற எண்ணமே வேண்டாம். ஏற்றிச் செல்லும் வாகனத்தைக் கூப்பிடுங்கள். யாருக்கும் அடிபட்டிருந்தால் 1990 அம்புலன்ஸ், இலவசம்.

ரீகொண்டிஷன் ஜீப் வாங்கப்போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கியபின் இந்தக் கேள்வி கூடிவிட்டது. ஜப்பான் ஏலத்தில் வாகனத்தின் நிலையைக் குறித்துக் கொடுக்கும் ஏலத்தாளைக் கேளுங்கள். அதில் எஸ் என்ற எழுத்து துருவையும், சி என்ற எழுத்து அரிப்பையும் குறிக்கும். ஜப்பானிலும் பனி பெய்யும் வடபகுதிகளில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். கிலோமீற்றர் குறைந்த, உள்ளே புத்தம்புது வாகனத்தின் அடி அரித்திருக்க அதுவே போதும். விலை பேசுமுன் ஒரு கராஜில் உயர்த்திப் பாருங்கள். விற்பவர் உயர்த்த விடவில்லை என்றால் நான் வாங்க மாட்டேன்.

புகைப் பரிசோதனை சித்தி. அது போதாதா?

அது புகையை மட்டும் அளக்கிறது. அங்கே யாரும் புஷ்சையோ நட்டையோ பார்ப்பதில்லை.

பிழையாகப் பூட்டிய கராஜ் பொறுப்பேற்க மறுத்தால்?

பில் இல்லாமல் எதுவும் நடக்காது. நான் அலைன்மென்ற் செய்த இடத்தில் பில் வாங்கியிருக்கவில்லை. அவர்கள் "எங்கட வேலை இல்லை" என்றதும் கதை முடிந்தது. செய்த வேலை, வாகன இலக்கம், கிலோமீற்றர், திகதி எல்லாம் பில்லில் வரட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள், கழற்றுமுன் படமெடுங்கள். பேசித் தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது.

நீண்ட பயணத்துக்கு முன் நானே பார்க்கக்கூடியது என்ன?

ஐந்து நிமிட வேலை. பின் ரயரின் உள்ளோரத்தை ரோர்ச்சால் பாருங்கள். பின்னால் நின்று இரு பக்க உயரமும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் ஸ்பிரிங். சொக்கில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அடியைப் பார்க்கப் படுப்பதென்றால் பக்கத்தில் படுத்து எட்டிப் பாருங்கள். வெறும் ஜக்கை நம்பி உடம்பை உள்ளே விடவே வேண்டாம். கராஜில் உயர்த்தும் வேளை ஒரு நெம்புகம்பியால் ஒவ்வொரு புஷ்சையும் மெல்ல நெம்பச் சொல்லி, றப்பர் பிளந்து வாய் திறக்கிறதா என்று நீங்களும் குனிந்து பாருங்கள்.

கடைசியாக அந்த வெள்ளைக் கோடு. நட்டில் உள்ள பாதியும் தட்டில் உள்ள பாதியும் ஒரே நேரில் நிற்கிறதா? நின்றால் புறப்படுங்கள். மயிரிழை விலகியிருந்தாலும் சாமானை இறக்கிவிட்டு, நேரே கராஜுக்கு, தனியாக, மெதுவாக.